அடுக்களையை எட்டாத அருகலை

பழைய வீடுகளைப் பற்றி எழுதுவதற்கென்றே இணையத்தில் ஓர் எழுத்துமுறை உருவாகிவிட்டது. திண்ணையில் தொடங்கும், முற்றத்து மழையில் நனையும், ஊஞ்சலில் சற்றே ஆடும், பாட்டியின் கைம்மணத்தில் நெகிழும். முடிவில் தவறாமல் ஒரு வரி வந்து சேரும்: அந்த வீட்டில் வைஃபை எடுக்காது, அதனால்தான் அங்கே மனிதர்கள் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். இத்தகைய கட்டுரைகளை நாமும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். நல்ல தமிழில் எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் அந்தக் கடைசி வரியோடு நமக்கொரு வழக்கு இருக்கிறது. அதனை இங்கே வைக்கிறோம்.

அந்த வரியை எழுதுபவர் யார்? பெரும்பாலும் அவர் அந்த வீட்டில் வசிப்பவர் அல்லர். பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ வந்து மூன்று நாள் தங்குபவர். நான்காம் நாள் சென்னைக்கோ பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ திரும்பிச் சென்று, தடையற்ற இணைப்பின் முன் அமர்ந்து, இணைப்பற்ற வீட்டின் பெருமையை எழுதுபவர். மூன்று நாள் விரதம் இருப்பவர், ஆண்டு முழுதும் பட்டினி கிடப்பவரைப் பார்த்து, 'என்ன கட்டான உடம்பு உங்களுக்கு' என்று வியந்தால் அதனைப் பாராட்டு என்று கொள்ள முடியுமா? அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். மகளின் விடுதிக்குப் பணம் அனுப்ப வேண்டும். மருத்துவரிடம் நாள் குறிக்க வேண்டும். துபாயில் இருக்கும் மகன் முகத்தை இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பழைமையின் அழகு இவர்களுக்கும் தெரியும். சுண்ணாம்பு உதிரும்போது பெருக்குபவர்களும் இவர்களே.

நமக்கு நன்கு அறிமுகமான கும்பகோணத்து வீடுகளையே எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட அந்த ஊரின் பழந்தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். முகப்பு இருபது, இருபத்தைந்து அடிதான்; ஆழமோ நூறடியைத் தாண்டும். திண்ணை, நடை, கூடம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒரு தொடர்வண்டியைப் போல வீடு நீண்டு செல்லும். சுமை தாங்கும் சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையா. சிறு செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்கு உத்திரம்.

இந்த வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வருபவர் என்ன செய்கிறார்? தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு நிற ஒளியிழைக் கம்பியை இழுத்து வந்து, திண்ணைக்கு மேலே ஒரு துளையிட்டு, நடையிலோ கூடத்தின் முதல் மூலையிலோ, கைக்கு எட்டிய முதல் மின்செருகிக்கு அருகில் ரவுட்டரை மாட்டிவிடுகிறார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. கூடத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரியவரின் கைப்பேசியில் வேகத்தைச் சோதித்துக் காட்டுகிறார். நூறு என்று எண் மின்னுகிறது. பெரியவர் மகிழ்ந்து கையெழுத்திடுகிறார். அடுக்களையில் எவரும் சோதிப்பதில்லை.

அந்நாள் முதல் அவ்வீட்டில் இணையம் ஆண்களின் பகுதியில் ஓடுகிறது. பெண்களின் பகுதியில் ஊர்கிறது. கூடத்தில் அரசியல் விவாதக் காணொளிகள் தங்குதடையின்றிப் பாய்கின்றன. இரண்டாம் கட்டில் ஒரு கோடு மட்டும் தெரிகிறது. அடுக்களையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி அன்று இது. கம்பி குறைந்த இடம், நேரம் குறைந்த இடம் என்று தேடியதன் விளைவு. ஆனால் வீட்டில் எந்த வசதி வந்தாலும் அது முதலில் கூடத்தில் வந்து அமர்ந்துகொள்வது புதிதன்று. வானொலி கூடத்தில் இருந்தது. தொலைபேசி கூடத்தில் இருந்தது. தொலைக்காட்சி கூடத்தில் இருந்தது. முதல் மின்விசிறியும் கூடத்தில்தான் சுழன்றது. அடுக்களையின் வெக்கையில் நின்றவர்களுக்கு மின்விசிறி எப்போது வந்தது என்று உங்கள் வீட்டு மூத்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டு, வகுப்புகள் திரைக்குள் புகுந்தபோது இதனை நாம் நாள்தோறும் கண்டோம். அப்பொருள் இலக்கணம் அன்று; ஆனால் அதற்கும் ஓர் அகத்திணை இருந்தது. வகுப்பில் மாணவர்கள் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்பது பின்னணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பையன்களுக்குப் பின்னால் கூடத்துச் சுவரும் நாள்காட்டியும். பெண்களுக்குப் பின்னால் மாடிப்படி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கிணற்றடித் துணிக்கொடி. நகரத்து அடுக்ககங்களில் இருந்தவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. பழைய தெரு வீடுகளிலிருந்து வந்தவர்களைச் சொல்கிறோம். வீட்டில் இணைப்பு இருந்தும் அண்ணனுக்கு அலுவலக வேலை கூடத்தில் நடக்கிறது என்பதால், அலை எட்டும் இடத்தில் இடம் இல்லாமலும், இடம் உள்ள இடத்தில் அலை இல்லாமலும் அலைந்தவர்கள் அவர்கள். யாப்பு நடத்திக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் பாதியில் அறுந்துபோகும். பத்து நிமிடம் கழித்து வேறொரு பின்னணியோடு திரும்பி வரும். அக இலக்கியத்தில் இற்செறிப்பு என்று ஒன்று உண்டு என்பதை இங்குள்ள வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தலைவியை வீட்டுக்குள் இருத்திக் காவல் வைப்பது அது. இங்கே தலைவி, அலை இரண்டுமே செறிக்கப்பட்டிருந்தன, வெவ்வேறு அறைகளில்.

இதனைச் சொன்னால் வீட்டுக்காரர்களிடமிருந்து ஒரே விடைதான் வருகிறது: "பழைய வீடு சார், சுவர் தடிமன், என்ன செய்ய முடியும்?" இந்த விடைக்குப் பின்னால் பல வீடுகளில் இன்னொரு வாக்கியமும் காத்திருக்கிறது: "இடித்துக் கட்டினால்தான் சரிவரும்." நூறாண்டு நின்ற வீட்டை இடிப்பதற்கு ஏற்கெனவே பாகப் பிரிவினை, கழிவறை, கார் நிறுத்துமிடம் என்று காரணங்கள் போதாதென்று இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. ஏக்கக் கட்டுரை எழுதுபவர் சுவரைப் புகழ்கிறார். இடிக்க நினைப்பவர் சுவரைப் பழிக்கிறார். இருவரும் உடன்படும் இடம் ஒன்று உண்டு: சுவரைக் கடக்க முடியாது என்பது. அந்த உடன்பாட்டையே நாம் மறுக்கிறோம்.

வைஃபை என்பது பொருளுள்ள சொல்லே அன்று. 1999இல் இத்தொழில்நுட்பத்தை விற்க முனைந்த நிறுவனங்களின் கூட்டமைப்பு, பெயர் சூட்டித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர் அது. அதற்கு விரிவு என்று சொல்லப்படுவது பின்னால் ஒட்டவைத்தது. தமிழில் இதற்கு அருகலை என்று பெயர். கலைச்சொற்களைக் கேலி செய்வது நம் அறிஞர் பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் இந்த ஒரு சொல்லைக் கூர்ந்து பார்த்திருந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். அருகில் உள்ள அலை. நூறடிக்கு அப்பால், நான்கு சுவர்களுக்குப் பின்னால் எட்ட வேண்டும் என்று அதற்கு எவரும் கட்டளையிடவில்லை. அருகில் இருக்க வேண்டியதை அருகில் வைக்காமல், தொலைவில் வைத்துவிட்டுச் சுவரைத் திட்டுகிறோம்.

கணக்கு மிக எளியது. அலையின் இழப்பை டெசிபலில் அளப்பார்கள். பத்து டெசிபல் இழப்பென்றால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்; இருபதென்றால் நூற்றில் ஒரு பங்கு; முப்பதென்றால் ஆயிரத்தில் ஒன்று. ஒன்றரையடிச் செங்கற்சுவர் ஒன்று பத்து டெசிபலை எளிதாக விழுங்கும். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு. வேகம் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர், முன்னதில் பாதிக்கும் குறைவு. அது சுவரில் இன்னும் கூடுதலாக மடியும். சுவர் ஈரமாக இருந்தால் இழப்பு மேலும் ஏறும், ஏனெனில் நீர் இவ்வலைகளை உறிஞ்சும். ஐப்பசி அடைமழையில் அடுக்களைப் பக்கம் சுத்தமாகப் போய்விடுகிறது என்று வீட்டார் சொல்வதைப் பொய்யென்று தள்ள வேண்டாம். இடையில் இரும்பு பீரோவோ ஆளுயரக் கண்ணாடியோ இருந்தால் சொல்லவே வேண்டாம். உலோகத்தின் முன்னால் அலை திரும்பி ஓடும்.

இப்போது இதனோடு ஒளியிழையை ஒப்பிடுங்கள். வாசல் வரை வந்த அந்தக் கறுப்புக் கம்பிக்குள் இருக்கும் கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் அரை டெசிபல்கூட இழப்பதில்லை. அதாவது, அரை டெசிபலுக்கும் குறைவாக இழந்து ஒரு கிலோமீட்டர் ஓடக்கூடிய ஒன்றைத் திண்ணையோடு நிறுத்திவிட்டு, ஒரு சுவருக்குப் பத்து டெசிபல் இழக்கும் ஒன்றை வீட்டுக்குள் அனுப்புகிறோம். இன்னும் பதினைந்து மீட்டர் கம்பியை, கூர்மையாக மடக்காமல், உள்ளே இழுத்து வந்திருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். கேட்டால் செய்து தருகிறார்கள். நாம் கேட்பதில்லை. கூடத்தில் நூறு காட்டியதும் கையெழுத்திட்டுவிடுகிறோம்.

கேட்காதவர்கள் அடுத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களுக்காக ஒரு சந்தை காத்திருக்கிறது. ஆறு கொம்பு, எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டர்கள், மல்லாந்த எட்டுக்கால் பூச்சியைப் போல. கொம்பு கூடினால் அலை கூடும் என்று நம்பி வாங்கி வந்து அதே நடையில் மாட்டுகிறார்கள். இந்த நம்பிக்கையில் ஓர் அடிப்படைப் பிழை உண்டு. அருகலை என்பது வானொலியைப் போல ஒருவழிப் பேச்சன்று. ரவுட்டர் எவ்வளவு உரத்துக் கூவினாலும், அடுக்களையில் இருக்கும் கைப்பேசி விடை சொல்ல வேண்டும். கைப்பேசியின் குரல் மிகச் சிறியது, அதன் மின்கலம் அதற்கு மேல் இடம் தராது. கூடத்துப் பெரியவர் வீடதிரக் கூப்பிடுகிறார். அடுக்களையில் இருப்பவள் மெல்லச் சொல்லும் பதில் அவர் காதில் விழவில்லை. விழாததால் மீண்டும் கூப்பிடுகிறார். கைப்பேசியில் நான்கு கோடும் தெரிந்து, பக்கம் மட்டும் திறக்காமல் இருப்பதன் காரணம் பல வேளைகளில் இதுதான். உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையைத் திறந்துவிட்டபோது ஆற்றலுக்கு உச்சவரம்பும் விதித்தது. ஆகவே பெட்டியின் மேல் எந்தச் சிங்கத்தின் படம் அச்சிட்டிருந்தாலும் அது கர்ச்சிப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

இன்னொரு சரக்கு, பூஸ்டர் என்று விற்கப்படும் சின்ன வெள்ளைப் பெட்டி. மின்செருகியில் நேரே பொருத்துவது. வலுவிழந்து வந்த அலையைப் பிடித்து மீண்டும் சொல்வதே இதன் வேலை. மங்கலாகக் கேட்டதை உரத்துச் சொன்னால் மங்கல் தெளிவாகிவிடுமா? மேலும், ஒரே வரிசையில் கேட்கவும் சொல்லவும் வேண்டியிருப்பதால் மலிவான வகைகளில் வேகம் பாதியாகக் குறையும். அலை இல்லாத அறையிலேயே இதனைக் கொண்டுபோய்ச் செருகுபவர்கள்தாம் மிகுதி. அங்கே அதற்குத் திருப்பிச் சொல்லவே எதுவும் இராது. மெஷ் என்று புதிதாக வந்திருக்கும் இரட்டைப் பெட்டிகள் இதைவிட மேலானவை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவையும் தமக்குள் அலையாலேயே பேசிக்கொள்ளுமாறு விடப்பட்டால், இடையில் நிற்பது அதே ஒன்றரையடிச் சுவர்தான். மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் கருவிகளும் உண்டு. மூன்று முனை மின்சாரம் வந்து கூடம் ஒரு முனையிலும் அடுக்களை வேறொரு முனையிலும் இருக்கும் பழைய வீடுகளில் அவற்றை நம்ப முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கம்பியின் மீதான வெறுப்பு. கம்பியில்லாமை என்பதை ஒரு நாகரிகமாக, ஏறக்குறைய ஒரு சமயமாகவே நமக்கு விற்றுவிட்டார்கள். சுவரில் ஒரு கம்பி ஓடினால் வீட்டின் அழகு கெட்டுவிடும் என்று சொல்பவரின் வீட்டுச் சுவரைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய்க்காகச் சுண்ணாம்புச் சுவரில் மூன்றங்குல ஓட்டை. குடிநீர் சுத்திகரிக்கும் கருவியின் கழிவுக் குழாய்க்கு ஒன்று. கேபிள் தொலைக்காட்சிக்கு ஒன்று. அந்தக் கேபிள் இற்றுப்போய் இன்னும் தொங்குகிறது. இத்தனைக்கும் இடம் கொடுத்த வீட்டில், எழுதுகோல் தடிமன்கூட இல்லாத ஒரு லேன் கேபிள் போனால் மட்டும் மரபு மாசுபடுமா?

நம் பாட்டன்மார் இதைவிடத் தெளிவாக இருந்தார்கள். வால்வு வானொலி வாங்கியவர்கள் அதனைக் கூடத்தில் வைத்துவிட்டு இலங்கை வானொலி தானாக வந்து பாடும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு, ஏரியல் கம்பியைக் கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியை முற்றத்து வழியாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். காற்றில் வருவதற்கும் கம்பியின் உதவி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோதும், உத்திரத்தை ஒட்டித் தேக்குச் சட்டம் அடித்து அதன்மேல் கம்பிகளை ஓடவிட்டார்கள். சுவரைக் கொத்தவில்லை. அந்தச் சட்டங்கள் பல வீடுகளில் இன்றும் வெறுமனே இருக்கின்றன, புதிய விருந்தாளிக்குக் காத்துக்கொண்டு.

உண்மையில் பழைய வீட்டைப்போல அலைக்கு இணக்கமான வீடு வேறில்லை என்றே நாம் வாதிடுவோம், அதனை வாசிக்கத் தெரிந்தால். கான்கிரீட் வீட்டின் தளத்துக்குள் இரும்புக் கம்பி வலையாகப் பின்னிக் கிடக்கிறது. பழைய மாடியில் மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். வீட்டின் நடுவில் முற்றம் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மழைக்கும் வழிவிட்ட அதே வெளி அலைக்கும் வழிவிடும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, தூணோடு தூணாக ஒரு பெட்டியை மாட்டினால், அதனைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறையையும் அது வாசல் வழியாகவே பார்க்கும். சுவர் வழியாகத் துளைக்க வேண்டியதில்லை. மேல் மாடிக்கும் முற்றத்து வெளி வழியாகவே ஏறும். தெரு வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியுமாறு நிலைகளை ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். அந்தக் கோடு அலைக்கு அரச பாட்டை. கதவு சாத்தியிருந்தாலும் மரத்தைக் கடப்பது சுவரைக் கடப்பதைவிடப் பன்மடங்கு எளிது. அடுக்கக வீட்டுத் தரகர்கள் திறந்தவெளித் திட்டம் என்று விற்பதை நம் கொத்தனார்கள் விற்காமலே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஒளியிழையை நடையோடு நிறுத்தாமல் முற்றத்துத் தாழ்வாரம் வரை கொண்டு வரச் செய்வது. அங்கே முதற்பெட்டி. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் இரண்டாம் கட்டைத் தாண்டி அடுக்களை வாசல் வரை. நூறு மீட்டர் வரை இந்தக் கம்பி நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைக் குறையாமல் கொண்டு செல்லும். நம் வீடுகளில் நீளமானதற்கும் முப்பது, நாற்பது மீட்டர் போதும். அந்த முனையில் இரண்டாம் பெட்டி. புதிதாக வாங்கக்கூட வேண்டியதில்லை. மாற்றிப் போட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரையே, முகவரி வழங்கும் வேலையை அணைத்துவிட்டு, வெறும் அலைபரப்பியாக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஆனால் 2.4 வரிசையில் அலைத்தடங்கள் வேறாக இருக்க வேண்டும். 1, 6, 11 என்ற மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. அண்டை வீட்டுச் சுவரே நம் வீட்டுச் சுவராக இருக்கும் தெருக்களில் பக்கத்து வீட்டார் எந்தத் தடத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

கேபிள் வாங்கும்போது ஒரு சொல். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்புக் கம்பி என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. விலை குறைவாக இருக்கும். எடையும் குறைவாக இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். மின்கம்பி போகும் குழாய்க்குள்ளேயே இதனையும் திணிக்கக் கூடாது. எலி நடமாடும் பரண் வழியாகப் போனால் குழாய்க்குள் போக வேண்டும். மொட்டைமாடி வெளியில் செப்புக் கம்பியை இழுக்காமல் இருப்பது நலம். இடி மின்னலுக்கு அது பிடித்த வழி.

துளையிடுவது பற்றி அஞ்சுபவர்களுக்கும் விடை உண்டு. பழைய நிலைகளுக்கு மேலே காற்றுக்காக விட்ட சிறு சாளரங்கள் இருக்கின்றன. உத்திரம் சுவரில் அமரும் இடத்தில் விரல் நுழையும் சந்து இருக்கிறது. கேபிள் அவ்வழியே போகும். உத்திரத்தின் மேல் விளிம்பில் படுத்துக்கொண்டால் கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாது. எங்கேனும் துளைத்தே ஆகவேண்டுமென்றால் சுத்தியலால் அடிக்காமல் மெல்லத் துளைத்து, பூசும்போது சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு ஒட்டுப் போட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சுவரும் உப்பும், அலையும் மாயும். இது அருகலைக்காக மட்டும் சொல்வதன்று, எந்தப் பழுதுபார்ப்புக்கும் பொருந்தும். ஆனால் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போது சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

"கைப்பேசியில்தான் தரவு இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு" என்பார்கள். கோபுரத்திலிருந்து வரும் அலையும் அதே சுவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அடுக்களையிலிருந்து பேச்சு அறுந்து, "இரு, கொல்லைப்பக்கம் வருகிறேன்" என்று எழுந்து போவதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம். தவிரவும், வீட்டுக்கு மாதக் கட்டணம் ஒன்று கட்டிவிட்டு, வீட்டின் பாதிப் பேர் தனித்தனியாக இன்னொன்று கட்டுவது என்ன கணக்கு?

இனி, வெளிப்படையாகச் சொல்லப்படாத மறுப்புக்கு வருவோம். பல வீடுகளில் சுவர் ஒரு சாக்கு. நாம் இந்தத் தீர்வைச் சொன்னபோது, செலவைக் கேட்டு, கம்பியின் நீளத்தைக் கேட்டு, எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, இறுதியில் குரலைத் தாழ்த்திச் சொன்னவர்கள் உண்டு: "பெண் பிள்ளைகள் கூடத்திலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் சார். உள்ளே கிடைக்காமல் இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்." இதுதான் வழக்கின் மையம். ஏக்கக் கட்டுரையாளர் 'மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள்' என்று எழுதும்போது அவரை அறியாமலே தாங்கிப் பிடிப்பது இந்தத் தாழ்ந்த குரலைத்தான்.

அக்குரலுக்கு நம் மறுமொழி மரியாதையானதே, ஆனால் வளையாதது. கண்காணிப்பு நோக்கமென்றால் அது வீட்டுப் பையன்களுக்கும் பொருந்த வேண்டும். அவர்களோ கைப்பேசியோடு மொட்டைமாடிக்குப் போய் நள்ளிரவில் இறங்குகிறார்கள், எந்தச் சுவரும் அவர்களைத் தடுக்கவில்லை. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்ற கவலை உண்மையானது. அதற்குப் பேச வேண்டும், பழக வேண்டும், வேண்டுமானால் நேரவரம்பு வைக்க வேண்டும். ஒன்றரையடிச் செங்கல்லிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் விலகிக்கொள்ள முடியாது. அந்தச் செங்கல் மறைப்பது தகாத காணொளிகளை மட்டும் அன்று. போட்டித் தேர்வுக்கான பயிற்சியை மறைக்கிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையை மறைக்கிறது. அத்தைக்கு மகனின் முகத்தை மறைக்கிறது. எழுபது வயதுப் பெண்மணி தன் மகனோடு அந்தரங்கமாக நான்கு வார்த்தை பேசுவதற்குக் கூடத்துக்கு வந்து, மருமகளும் பேரனும் தொலைக்காட்சியும் சூழ, உரத்த குரலில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் நன்றாக இருக்கிறாரா என்பது அடுக்களைக்கு அலை வந்தால்தான் மகனுக்குத் தெரியும்.

பழைய வீட்டின் பெருமையை எழுதும் நண்பர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒளிப்படக் கருவியோடு ஒரு கேபிள் சுருளையும் எடுத்துச் செல்லலாம். மூன்று நாளில் ஒரு நாள் போதும். ஏணி அந்த வீட்டிலேயே இருக்கும்.

பெட்டியை வைக்கும்போது இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். அடுப்பின் புகையும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் படாத உயரத்தில், அடுக்களைக்கு வெளியே, இரண்டாம் கட்டு வாசலை ஒட்டி வைப்பதே சரி. அங்கிருந்து கிணற்றடி வரை எட்டும். அதற்கு மின்சாரம் தனிச் சுவிட்சிலிருந்து வர வேண்டும், அந்தச் சுவிட்சும் உட்பக்கமே இருக்க வேண்டும். கூடத்து விளக்குகளோடு சேர்த்து இணைத்துவிட்டால், இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகும் பெரியவரின் கை அதன்மேலும் படும்.